பீரோக் கதவில் பிடித்த பாலம்

ஒரு பாலம். இரண்டு மலைக்கணவாய்கள். பனியில் உறைந்த ஓர் ஆற்றின் வடகரை. தீனி தீர்ந்துபோன குதிரைப் படையை வைத்துக்கொண்டு ஒரு கோட்டை. எதிரி மூன்று மடங்கு ஆளோடு வந்தபோதும் விட்டுக்கொடுக்காத ஒரு ரயில் நிலையம். இவற்றோடு பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, அஞ்சல் வழியில் ஒரு பி.ஏ. பட்டம், தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. இவ்வளவும் என் தம்பி பிராங்ளின் ஜெயித்தவை. ஊறுகாய் பாட்டிலுக்குள் இரண்டு பகடைகளைப் போட்டு மூடி, நெஞ்சோடு அணைத்துக் குலுக்கிக்கொண்டு, இப்போது அடுத்ததை ஜெயிக்கப் பார்க்கிறான். "விழு சனியனே. அஞ்சுக்கு மேல விழு."

மூன்று விழுகிறது. பாட்டிலைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொல்கிறான். அதைப் பத்திரிகையில் எழுத முடியாது. பிறகு எழுந்து, அறையின் மறுபக்கத்தில் இருக்கும் முக்காலிக்குப் போய் உட்கார்ந்து, அங்கிருந்து இப்போது காலியான கட்டிலைப் பார்த்து, "மூணாம்ல மூணு. போடா டேய்" என்று சிரிக்கிறான். கட்டில் ஒரு படை. முக்காலி இன்னொரு படை. இரண்டுக்கும் தளபதி அவன்தான்.

பிறந்ததிலிருந்தே அவன் கைகள் இரண்டும் அவன் சொல் கேட்பதில்லை. வலது கையை ஒரு தம்ளர் எடுக்க அனுப்பினால் அது வழியில் இரண்டு உதறு உதறிவிட்டு, தம்ளரைத் தாண்டிப் போய், யோசித்துத் திரும்பி வரும். இடது கை அந்த அளவுக்குக்கூட வராது. நடையிலும் ஓர் ஆட்டம் உண்டு. வாய் மட்டும் சுத்தம். உச்சரிப்பைச் சொல்கிறேன், வார்த்தைகளை இல்லை. அதனால்தான் ஆபரேட்டர் வேலை. காதில் மாட்டிய கருவியோடு, விரல் முட்டியால் பொத்தான்களைக் குத்தி, மூன்று மொழிகளில் "லைன்ல இருங்க" என்று சொல்கிறான். அவன் குரலைக் கேட்டவர்கள் ஆறடி உயரத்தில் ஒரு ஆளை நினைத்துக்கொள்வார்கள். நேரில் வந்து பார்த்தவர்கள் அவனிடம் பேசாமல் பக்கத்தில் நிற்கும் என்னிடம், "இவருக்கு டீ கொடுக்கலாமா?" என்று கேட்பார்கள். அப்படிக் கேட்ட ஒவ்வொருவர் முகமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

போர் ஆட்டம் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்கும் அவன் சொல்லித்தான் தெரியும். அறுகோணக் கட்டங்கள் போட்ட ஒரு வரைபடம். அதன்மேல் படைப்பிரிவுகளாகச் சின்னச் சின்ன அட்டைத் துண்டுகள். யார் சாக வேண்டும், யார் ஓட வேண்டும் என்பதைப் பகடை சொல்லும். எதிரெதிரே இரண்டு பேர் உட்கார்ந்து ஆட வேண்டியது. பிராங்ளினுக்கு எதிரே உட்கார ஆள் கிடைக்கவில்லை. ஒருவன் ஒருமுறை வந்தான். ஆட்டம் முழுக்கப் பிராங்ளினின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டுமென்றே தோற்றுவிட்டுப் போனான். அதைக் கண்டுபிடித்த அன்று பிராங்ளின் சாப்பிடவில்லை. "எனக்குப் பிச்சை போட்டுட்டுப் போறாண்ணே அந்த நாயி." அதற்குப் பிறகு தனியாகத்தான்.

கடையில் வரும் அட்டைத் துண்டுகள் நகத்தளவு. அவன் கை ஒரு முறை உதறினால் இரண்டு பக்கத்துச் சேனையும் தரையில் கிடக்கும். அதனால் வரைபடத்தைப் பெரிதாக்கி, விளம்பர பேனர் அடிக்கும் கடையில் அச்சடித்து வாங்கி, டெல்லி கிட்வாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸின் முன்னறையில் இருக்கும் இரும்பு பீரோவின் இரண்டு கதவுகளிலும் ஒட்டிவிட்டான். படைப்பிரிவுகளுக்கு வட்டக் காந்தம். பச்சைத் தாள் ஒட்டியது ஒரு நாடு, சிவப்புத் தாள் மற்றொன்று. கை உதறினாலும் காந்தம் பீரோவை விடாது.

ஆனால் நினைத்த கட்டத்தில் போய் உட்காராது. அதற்கும் ஒரு விதி வைத்திருக்கிறான். கை எங்கே கொண்டுபோய் விடுகிறதோ, அங்கேதான் அந்தப் படை நிற்கும். திருப்பி எடுக்கக் கூடாது. "சண்டைல சொன்ன இடத்துக்கு எவன்ணே சரியாப் போய்ச் சேருறான்? மழை, புகை, பயம். ஒருத்தன் வழி தவறி வயக்காட்டுக்குள்ள போயிருவான். எங்கிட்ட அது தானா நடக்குது. மத்தவன் இதுக்குத் தனியாப் பகடை போடணும்." பச்சைக்கும் அதே விதி, சிவப்புக்கும் அதே விதி. ஒரு வாரமாகத் தான் ஆசையாக வளர்த்த குதிரைப் படையை அவன் கையே கொண்டுபோய்ச் சதுப்பு நிலத்தில் இறக்கியதை நான் பார்த்திருக்கிறேன். பற்களைக் கடித்துக்கொண்டு நின்றான். தொடவில்லை.

என் மனைவி லிடியா நர்ஸ். அவள் உடுப்பெல்லாம் அந்த பீரோவில்தான். டூட்டிக்குக் கிளம்பும்போது கதவைத் திறந்தால் போர்முனை நடுவில் பிளந்து, பச்சை ராணுவம் சமையலறைப் பக்கமும் சிவப்பு ராணுவம் ஜன்னல் பக்கமும் போய்விடும்.

"தம்பி, தள்ளுங்க. ஸ்வெட்டர் எடுக்கணும்."

"மதினி, ஒரு நிமிசம். ஆத்தைத் தாண்டிட்டு இருக்கோம்."

"நீங்க தாண்டுறதுக்குள்ள எனக்கு பஸ் போயிரும். ஜல்தி."

"நீங்க வந்தாலே ரெண்டு நாடும் பயப்படுது மதினி. போர் நிறுத்தம்! எடுத்துக்கங்க. மெதுவாச் சாத்துங்க, போன தடவை ஒரு பட்டாளமே செருப்பு மேல விழுந்துச்சு."

"விழுந்தா எந்திரிச்சு வரச் சொல்லுங்க. சம்பளம் வாங்குறாங்கல்ல?"

இப்படி ஒரு வீடு. பச்சையும் சிவப்பும் முட்டிக்கொள்ளாத நாளில் எங்களுக்கே என்னவோ போல இருக்கும்.

அங்கூட்டா சாப் என்று இந்தியில் ஒரு வசவு உண்டு. கைநாட்டு, எழுத்தறியாதவன் என்று பொருள். டெல்லியில் ஆட்டோக்காரரிலிருந்து அதிகாரி வரை யாரை வேண்டுமானாலும் அப்படித் திட்டுவார்கள். என் தம்பியை அப்படி யாரும் திட்டவில்லை. காகிதத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள். பதினெட்டு வயதில் வங்கிக் கணக்கு தொடங்கப் போனோம். கையெழுத்துப் போடக் குனிந்தான். முதல் எழுத்தின் முதல் வளைவு கட்டத்தைத் தாண்டி ஓடியதும் கவுன்ட்டரில் இருந்தவர் தாளை இழுத்துக்கொண்டார். "ஏ நஹி சலேகா, இது செல்லாது. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வர வேண்டும். அங்கூட்டா லகாவோ." கட்டைவிரலில் மை. பக்கத்தில் சாட்சியாக என் கையெழுத்து. 'என் முன்னிலையில் வைக்கப்பட்டது, அடைக்கலசாமி.'

அன்றிலிருந்து எல்லாமே அப்படித்தான். பரீட்சையில் அவன் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதினார். வேலையில் சேர்ந்த தாளில் கட்டைவிரல். ஆஸ்பத்திரி வருகைப் பதிவில் விரல் வைக்கும் கருவி. எட்டாவதோடு நின்று, ஒரு அமைச்சகத்தில் கோப்புகளைத் தைத்து அடுக்கி வைக்கிற நான், பி.ஏ. படித்த தம்பிக்குச் சாட்சி. அவனும் பேசாமல் விரலை நீட்டிவிடுவான். வீட்டுக்கு வந்ததும் தேங்காய் எண்ணெய் தொட்டு அந்த மையைத் தோல் சிவக்கும்வரை தேய்ப்பான். அது மட்டும்தான் அவன் காட்டுகிற எதிர்ப்பு.

தனியாகப் போர் ஆட்டம் ஆடுகிறவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது என்று அவன் ஒருநாள் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தனியா ஆடுறவனுக்குச் சங்கம் எதுக்குடா?"

"தனியா ஆடுறவனுக்குத்தாண்ணே வேணும். பாலத்தைப் பிடிச்சேன்னு யார்கிட்டப் போய்ச் சொல்றது? உங்ககிட்டச் சொன்னா 'அப்படியா, சாப்பிட வா'ங்கிறீங்க."

நாடு முழுக்க உறுப்பினர்கள் உண்டாம். வருஷத்துக்கு ஒருமுறை டெல்லியில் கூடுவார்களாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பத்திரிகை. உறுப்பினராவதற்கு ஒரு ஆட்டத்தை ஆடி, நடந்ததை எழுதி அனுப்ப வேண்டும். பார்த்தவர் யாரும் இல்லாத ஆட்டம் ஆயிற்றே, பொய் எழுதினால்? அதற்காக ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். கட்டுரையின் கீழே ஓர் உறுதிமொழி. 'இதை நான் ஒருவனே ஆடினேன். பகடை விழுந்தபடியே எழுதினேன். இதற்கு என் கையெழுத்தே சாட்சி.' அதன் கீழே ஆடியவர் கையெழுத்து அப்படியே அச்சாகும்.

பிராங்ளின் பாலத்தை எழுதினான். ஒற்றை விரல் முட்டியால் கணினியில் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தி எழுதினான். ஆற்றுப் பாலத்தைச் சிவப்பு தாக்குகிறது, பச்சை மிகக் கொஞ்சம். சிவப்பின் நாலு கம்பெனிப் படைகளைப் பாலத்தின் மேல் நகர்த்தும்போது கை உதறி, அவை ஆற்றுக்குள் போயின. விதிப்படி ஆற்றிலேயே நின்றன. பச்சை சுட்டது. அதற்குப் பிறகும் பச்சை பிழைக்க இரண்டு பகடையிலும் ஆறு விழ வேண்டியிருந்தது. விழுந்தது. பாட்டிலைக் கட்டிக்கொண்டு அவன் போட்ட சத்தத்தில் மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார்.

எழுதி முடித்துத் தாளை அச்சடித்துக் கொண்டுவந்தான். நான் மைப்பெட்டியைத் திறந்தேன், அவன் விரலை நீட்டினான், நான் பக்கத்தில் 'என் முன்னிலையில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மழை வந்தால் கொடியில் துணி எடுப்பது மாதிரி எங்கள் வீட்டில் அது யோசிக்காமல் நடக்கிற காரியம். உறுதிமொழியை இரண்டு பேருமே படித்துப் பார்க்கவில்லை.

பத்திரிகை வந்தது. கட்டுரை முதல் பக்கத்திலேயே. அவன் என்னை உட்காரவைத்துச் சத்தமாகப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். கடைசி வரிக்கு வந்ததும் குரல் நின்றுவிட்டது. நான் தாளை வாங்கிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் சாய்வெழுத்தில் என்னவோ இருந்தது. லிடியா படித்துச் சொன்னாள். 'திரு. பிராங்ளின் இந்த ஆட்டத்தைத் தம் அண்ணன் உதவியோடு ஆடினார். அவருடைய மன உறுதிக்கு நம் வணக்கம்.'

அன்று சாயங்காலமே சங்கத்தின் செயலாளர் என் போனுக்குக் கூப்பிட்டார். பெயர் ஹரிஷங்கர். ஓய்வுபெற்ற இன்ஜினியர், டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"சார், நமஸ்தே. உங்க பிரதரை எங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அவருக்காகவே ஒரு புது கேட்டகரி க்ரியேட் பண்ணிட்டோம். அசிஸ்டட் மெம்பர். ஃபீஸ்கூட வேண்டாம்."

பிராங்ளின் போனுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். "எவன் சார் எனக்கு அசிஸ்ட் பண்ணான்?"

"இல்ல, உங்க அண்ணா..."

"உருட்டுனது நான். செத்தவனை எண்ணுனது நான். ரெண்டு பக்கமும் முடிவெடுத்தது நான். எங்கண்ணன் அன்னிக்கு உள்ள மல்லாக்கப் படுத்துத் தூங்கிட்டு இருந்தாரு."

அவர் சிரித்துச் சமாளித்து, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குக் கட்டாயம் வரச் சொல்லி வைத்துவிட்டார். பிராங்ளின் என் பக்கம் திரும்பினான். அவன் என்மேல் அவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"பாலத்தைப் பிடிச்சது நான். உங்க பேர்ல எழுதியாச்சு. சந்தோசமா?"

"நான் என்னடா செஞ்சேன்? எப்பவும் போடுறதுதானே."

"அதாண்ணே. எப்பவும்."

ஞாயிறு வரை பீரோவில் ஒரு காந்தமும் நகரவில்லை. லிடியா கதவைப் படாரென்று சாத்தினாள், வேண்டுமென்றே. அப்போதும் அவன் திட்டவில்லை. அவள் என்னைப் பார்த்த பார்வையில் அவன் கோபமும் சேர்ந்து இருந்தது.

கூட்டம் புசா ரோடு பக்கம் வாடகைக்கு எடுத்த ஒரு ஹாலில். வெளியே பனிமூட்டம், குளிர் நாளில் அவன் கைகள் இன்னும் மோசம். உள்ளே போனதும் நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அப்படி ஒரு கூட்டத்தை நான் கண்டதில்லை. சுவரையொட்டி மேஜைகள். ஒவ்வொரு மேஜையிலும் ஒருவர், சுவரைப் பார்த்து, அவரவர் வரைபடத்தோடு. யாரும் யாரோடும் பேசவில்லை. பகடை உருளும் சத்தம் மட்டும். பிராங்ளின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். இந்த ஊரில் எந்த இடத்திலும், எங்கள் சர்ச்சில்கூட, அவன் நுழையும்போது ஒருவர் தலையாவது திரும்பும். இங்கே ஒன்றும் திரும்பவில்லை.

ஹரிஷங்கர் மட்டும் எழுந்து வேகமாக வந்தார். "வாங்க பிராங்ளின் ஜி! எல்லாரும் உங்க ரிப்போர்ட்டைத்தான் பேசறாங்க. பஹுத் இன்ஸ்பைரிங்."

"நாலு கம்பெனியை ஆத்துல முக்கிக் கொன்னுருக்கேன் சார். அதுல என்ன இன்ஸ்பைரிங்?"

சுவர்ப் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அந்தக் கடைசி வரியை எடுங்க" என்றான் பிராங்ளின்.

"அச்சா, அதைச் சொல்றீங்களா." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பாருங்க, உங்க அண்ணாவே 'என் முன்னிலையில்'னு எழுதி சைன் போட்டிருக்கார். ஒருத்தனே ஆடினேன்னு மேல இருக்கு, கீழ ரெண்டு பேர். ரூல்படி ரிஜெக்ட் பண்ணணும். எங்களுக்கு மனசு வரல."

"மனசு ஏன் சார் வரல? தூக்கி எறிஞ்சிருக்கணும். மத்தவன் அனுப்பியிருந்தா எறிஞ்சிருப்பீங்கள்ல?"

ஹரிஷங்கர் வாசல் பக்கம் பார்த்தார்.

"இவரக் கேளுங்க." தலையால் என்னைக் காட்டினான். "அண்ணே, டாங்கி எது, லாரி எதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதுங்க" என்றேன் ஹரிஷங்கரிடம். "ரெண்டும் எனக்குக் காந்தந்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. வேற வழி இருக்கு. சைன் போடுங்க. சைன்னா விட்னஸே தேவையில்லை. ஃபுல் மெம்பர். ஆனா ஒரு சின்ன விஷயம், தப்பா எடுத்துக்காதீங்க. ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்குக் கீழயும் சைன் அச்சாகும். ஒவ்வொரு தடவையும் ஒண்ணுபோல இருந்தாத்தானே..."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அதே வார்த்தை. அன்று வங்கிக் கவுன்ட்டரில் கேட்டதை இன்று ஒரு தமிழன் வாயிலிருந்து, அதுவும் இரக்கத்தோடு கேட்கிறேன். எத்தனையோ வருஷம் விழுங்கியதையெல்லாம் சேர்த்துக் கொட்டிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பிராங்ளின் முழங்கையால் என் விலாவில் இடித்தான்.

"சார், உங்க பகடை ஒவ்வொரு தடவையும் ஒண்ணுபோலவா விழுது?"

பகடைச் சத்தம் நின்றது. சற்று முன் சிரித்தவர் நாற்காலியைத் திருப்பினார். நரைத்த மீசைக்காரர். "பாத் தோ சஹீ ஹை, பாய்" என்றார். பேச்சு சரிதானே என்று சொல்லிவிட்டு, மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஹரிஷங்கர் உள்ளே போய் ஒரு புது உறுதிமொழித் தாளோடு வந்தார். மேஜையில் வைத்தார். நான் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிக் கொடுத்தேன். தாள் நகராமல் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, கைய எடுங்க."

"நகருமேடா."

"நகரட்டும். வெளில போய் நில்லுங்க. சார், நீங்களும்."

வராந்தாவில் குளிரில் நின்றோம். அவனுக்குப் பக்கத்தில் நின்று பழகிய கால், எங்கே நிற்பதென்று தெரியாமல் தடுமாறியது. கதவு முக்கால்வாசி சாத்தியிருந்தது. உள்ளே பேனா தரையில் விழும் சத்தம் கேட்டது. அவன் குனிந்து எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். நாற்காலி இழுபட்டது. மறுபடியும் பேனா விழுந்தது. அந்தக் கெட்ட வார்த்தை கேட்டது. நான் கதவுப் பக்கம் ஓர் அடி வைத்தேன். வைத்த காலைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

"சாய் சாப்பிடறீங்களா சார்?" என்றார் ஹரிஷங்கர்.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

"வாங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

தமிழில் போட்டிருந்தான். 'பி' உறுதிமொழியின் கடைசி வரி மேல் ஏறி நின்றது. அங்கிருந்து கோடு சரிந்து, முகவரிக் கட்டத்துக்குள் இறங்கி, வெளியேறி, தாளின் வலது ஓரம்வரை போயிருந்தது. 'ங்'கின் புள்ளி தாளைக் குத்திக் கிழித்திருந்தது. இடம் போதாமல் கடைசி எழுத்து கீழ்ப்பக்கம் திரும்பி, தலைகீழாக முடிந்திருந்தது. இந்தக் குளிரிலும் அவன் கழுத்து வேர்த்திருந்தது. தாளை நான் தொடவில்லை.

"பர்ஃபெக்ட்" என்றார் ஹரிஷங்கர் மெதுவாக. "டேட் மட்டும் நான் போட்டுடறேன்."

பிராங்ளின் முழங்கையைத் தாளின்மேல் வைத்து மறித்தான். மற்றக் கையின் முட்டியால் பேனாவைத் தள்ளினான். அது மேஜையில் உருண்டு, திசை மாறி, விளிம்பு வரை வந்து என் விரலில் இடித்து நின்றது.

"எங்கண்ணன் போடுவாரு."

அவன் முழங்கையை எடுத்தான். நான் குனிந்து, கோப்பு உறையில் எழுதுவதுபோல் நிதானமாக எழுதினேன்: 12 ஜனவரி 2025.